மூட்டை நிறையட்டும்

சேதியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்கள் உலகத்தில் ஏராளம். எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று ஆராய்கிறவர்கள் தனி இனம். இவர்களிடம் ஒரு சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். அதற்குப் பாதை போடுவார்கள், படம் வரைவார்கள், நோட்டு நோட்டாகக் கோடு கிழிப்பார்கள். சொல் மட்டும் போகாது.

ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் துணிக்கடை வைத்திருந்த ஷரீஃபுதீன் இந்த இனத்தில் முதல்தரம். சண்டைக் காலத்தில் சிப்பாய்கள் வெயிலில் கண்ணாடி மின்னிச் சேதி அனுப்புவதைப் பார்த்தவர். "நாடே சுதந்திரமாகப் போகுது, சேதி இன்னும் பஸ்ஸுலயா போறது?" என்று வருகிறவர்களையெல்லாம் கேட்டார். கடை மாடியில் ஒரு கண்ணாடி வைத்தார். கம்போங் செட்டியில் சின்னப்பா வீட்டு மாமர உச்சியில் இன்னொன்று. ஒரு மின்னலுக்குச் சின்னப்பா தன் கண்ணாடியைக் கடற்கரைப் பக்கம் திருப்ப வேண்டும், இரண்டுக்குப் புக்கிட் ரம்பாய் பக்கம்; அதுதான் விலாசம். சின்னப்பாவுக்குத் தமிழ் அவ்வளவாக வராது, மலாய்தான். விலாசம் தெரிந்தால் போதாதா, விஷயம் எதற்கு?

வெளிச்சத்தை டப்பாவில் அடைத்து நிறுத்தி வைக்க முடியாது. ஆகவே விலாசம் முன்னே போகும், சேதி பின்னே போகும். சொல்லுக்குச் சொல் விலாசம் போடுவது வீண். மூட்டையாகக் கட்டி ஒரே வீச்சில் அனுப்ப வேண்டும். பதில் மின்னலுக்குக் காத்திருப்பது பழைய முறை. இதெல்லாம் அவருடைய கண்டுபிடிப்பு.

இந்தச் சமயத்தில்தான் புக்கிட் ரம்பாய் காதர் மைதீன் தம் மகனுக்கு ஷரீஃபுதீன் மகள் மும்தாஜைப் பெண் கேட்டார். மகளுக்கும் பிடித்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் 'சம்மதம்' என்று ஒரு சொல் வர வேண்டும். இல்லாவிட்டால் மூவாரில் வேறு பெண் பார்ப்பார்களாம்.

"மும்தாஜ் அத்தா, ஒரு சொல்லுதானே, நான் போயிச் சொல்லிட்டு வந்துர்றேன்," என்று கணவரிடம் சொன்னாள் ரஹீமா.

"ஒத்தச் சொல்லுக்கு ஒரு விலாசமா? மூட்டை நிறையட்டும்."

காதர் மைதீன் இரவல் கொண்டுபோன பிரியாணிச் சட்டி, கொழுந்தியாள் மூட்டுவலி, போன வாரக் கருவாட்டில் உப்புக் கூடிப்போனது என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, மூட்டை வெள்ளிக்கிழமை காலையில்தான் நிறைந்தது. ஷரீஃபுதீன் இரண்டு மின்னல் மின்னினார். பிறகு மூட்டை முழுவதையும் வியர்க்க வியர்க்க அனுப்பி முடித்தார்.

சற்று நேரத்தில் சின்னப்பா சைக்கிளில் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "செர்மின் தா அடா," என்றார். கண்ணாடியே இல்லை! தலை சீவ அவர் மனைவி காமாட்சி காலையிலேயே கழற்றிக்கொண்டு போயிருந்தாளாம். சம்மதம், சட்டி, மூட்டுவலி, கருவாடு எல்லாம் மாவிலையில் பட்டு வீணாய்ப் போயின.

மும்தாஜ் அழுதேவிட்டாள். ஷரீஃபுதீன் நோட்டைத் திறந்தார், தவறு எங்கே என்று முதலில் ஆராய வேண்டுமே. ரஹீமா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பத்து மணி பஸ் ஏறினாள்.

ஜும்ஆ தொழுகை முடிந்து அவர் வீடு திரும்பியபோது அவளும் திரும்பியிருந்தாள். காதர் மைதீன் வீட்டில் கொடுத்த தொதல் இனிப்பில் ஒரு துண்டை அவர் வாயில் வைத்து, "சொல்லிட்டேன். அவங்களுக்கும் சந்தோசம்," என்றாள்.

அவர் மென்று விழுங்கினார். "போய்ச்சேர எத்தனை நிமிசம் ஆச்சு?"

அவள் இன்னொரு துண்டை நீட்டினாள். அவர் எழுதிக்கொண்டார்: 'விலாசம் முன்னே போகாமலே சேதி சேர்ந்தது. மேலும் ஆராய வேண்டும்.'

சிரிக்கிறீர்களா? நல்லது. யாருக்கோ சொல்ல வேண்டிய ஒரு சொல்லை, இன்னும் நாலு விஷயம் சேரட்டும், சாவகாசமாக எழுதலாம் என்று நீங்கள் எத்தனை மாதமாக வைத்திருக்கிறீர்கள்? பத்து மணிக்கு பஸ் இருக்கிறது.