சைக்கிள்காரன் ஓடிய ஓட்டம்

என் மனைவியை ஓடித் தோற்கடிப்பது என்று முடிவு செய்தேன். பேசித் தோற்கடிப்பது நடக்காத காரியம் என்பது கல்யாணமான முதல் வாரமே தெரிந்துவிட்டது. நான் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவன். விபத்துக்கு நஷ்டஈடு கேட்டு வரும் மனுக்களை ஏதாவது ஒரு காரணம் சொல்லித் திருப்பி அனுப்புவதுதான் என் வேலை. பகலெல்லாம் ஊரார் மனுவை நான் தள்ளுபடி செய்வேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் என் மனுவை அவள் தள்ளுபடி செய்வாள். அவளுக்குக் காரணம்கூடத் தேவைப்படாது.

அவள் கணக்கு டீச்சர். வகுப்பில் பிள்ளைகளுக்கு விடையைச் சொல்லவே மாட்டாளாம். கேள்வி மேல் கேள்வி கேட்டு, பிள்ளையே கண்டுபிடித்த மாதிரி செய்துவிடுவாளாம். பிள்ளையும் ஏதோ தானே சாதித்துவிட்டதாகக் குதிக்குமாம். இதை அவள் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம், பாவம் அந்தப் பிள்ளைகள் என்று நினைத்துக்கொள்வேன்.

வாரத்தில் எனக்கென்று இருந்தது ஒரே ஒரு பொழுது, ஞாயிற்றுக்கிழமை காலை. இருட்டு பிரிவதற்குள் சைக்கிளோடு லிஃப்ட்டில் இறங்கிவிடுவேன். கடைக்குப் போகிற சைக்கிள் இல்லை. காற்றைக் கிழித்துக்கொண்டு போகிற சைக்கிள். அதற்கென்று உடம்போடு ஒட்டிய ஒரு உடுப்பும் உண்டு. அதில் என்னை முதல்முதலாகப் பார்த்த அன்று என் இரட்டைப் பெண்கள் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். அது கிடக்கட்டும். ஊருக்கு வெளியே நண்பர்களோடு மிதித்துக்கொண்டு போகிற அந்த நேரத்தில் ஒருவரும் என்னை "என்னங்க" என்று கூப்பிட மாட்டார்கள். அதற்காகவே வாரத்தின் மற்ற நாட்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு கடத்தினேன்.

சைக்கிளில் ஒரே ஒரு குறை. சீட் தானாகக் கீழே இறங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை என் உயரத்துக்கு ஏற்றி, பல் நறநறக்க முறுக்கி வைப்பேன். அடுத்த ஞாயிறு பார்த்தால் இறங்கிக் கிடக்கும். கடைக்காரர் திருகாணியை மாற்றிப் பார்த்தார், பிடியை மாற்றிப் பார்த்தார். "சார், இது தானா இறங்காது. உங்க எடை அப்படி" என்று முடித்துவிட்டார். அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்தேன். சீட் கேட்கவில்லை.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த இடி விழுந்தது. என் மனைவி கொஞ்ச காலமாக ஓட்டக்காரி. வாரநாட்களில் நான் குறட்டை விடுகிற நேரத்தில் எழுந்து ஓடப் போய்விடுவாள். அவளைப் போல ஓடுகிறவர்கள் ஒரு கூட்டமாகச் சேர்ந்திருந்தார்கள்.

"என்னங்க, எங்க கூட்டத்துல இனிமே ஞாயித்துக்கிழமை காலையிலயும் ஓடப்போறோம். ரொம்ப தூரம்."

"ஓடுங்க, ஓடுங்க. யாரு வேண்டாம்னா?"

"அப்ப பிள்ளைங்களை நீச்சல் வகுப்புக்கு யாரு கூட்டிட்டுப் போறது?"

அந்த நீச்சல் குளத்துக்கு நான் ஒரு தடவை போயிருக்கிறேன். பெற்றவர்கள் உட்கார ஒரு சிமெண்ட் படி. அடுப்பில் போட்ட மாதிரி சுடும். மடியில் இரண்டு ஈரத் துண்டுகளைப் பிடித்துக்கொண்டு, மருந்து வாடையை மூக்கில் வாங்கிக்கொண்டு, "அப்பா, இப்பப் பாருங்க, இப்பப் பாருங்க" என்று இரண்டு பக்கமிருந்தும் வருகிற கூச்சலுக்கு ஒரே கழுத்தைத் திருப்பித் திருப்பி, அன்றைக்கு வீட்டுக்கு வந்து கழுத்துக்குப் பட்டை போட்டுக்கொண்டேன்.

"நான் எப்படி? எனக்கு சைக்கிள் இருக்கே?"

"எனக்கு ஓட்டம் இருக்கே?"

"அதுவும் இதுவும் ஒண்ணா? சைக்கிள்ங்கறது ஒரு வித்தை. ஓட்டம்ங்கறது பஸ்ஸை விட்டவன் செய்யற வேலை."

அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம்.

"சைக்கிள் ஓட்டறவங்களுக்கு ஓட வருமாங்க?"

"நல்லாக் கேட்ட போ. நெஞ்சு பலம், மூச்சு பலம், தொடை பலம், எல்லாம் எங்ககிட்ட இருக்கு. ஒரு சைக்கிள்காரன் இறங்கி ஓட ஆரம்பிச்சான்னா, ஓட்டக்காரங்க எல்லாம் அவன் முதுகைத்தான் பார்க்கணும்."

"அப்ப உங்க முதுகை நான் ஒரு நாள் பார்க்கறேனே."

"என்னது?"

"ஓடிப் பார்த்துடலாம்ங்க. ஜெயிக்கறவங்களுக்கு ஞாயித்துக்கிழமை காலை. தோக்கறவங்களுக்கு நீச்சல் குளம். எப்பவும்."

இரட்டையர்கள் எங்கிருந்தோ ஓடி வந்து கைதட்டினார்கள். சாட்சி ஆகிவிட்டது. இனிப் பின்வாங்க முடியாது.

எதிர்வீட்டில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். டிரையத்லான் என்று ஒரு போட்டி உண்டே, முதலில் நீந்தி, பிறகு சைக்கிள் ஓட்டி, கடைசியில் ஓடவும் வேண்டும், அதற்கெல்லாம் போகிறவர். அவரைக் கேட்டால் தைரியம் வரும் என்று கதவைத் தட்டினேன்.

"டாக்டர், ஒரு சந்தேகம். ஓட்டக்காரர் ஒருத்தர், சைக்கிள்காரர் ஒருத்தர், உங்களை மாதிரி மூணும் செய்யறவர் ஒருத்தர். மூணு பேரையும் ஓடவிட்டா யாரு முதல்ல வருவாங்க?"

"ஓட்டக்காரர்தான். அதுல என்ன சந்தேகம்?"

"அடுத்தது?"

"எங்க ஆளு. மூணுக்கும் நேரத்தைப் பிரிச்சுக் குடுக்கறோம் இல்லையா, அதனால கொஞ்சம் பின்னாடி இருப்போம். ஆனா நல்லாப் பழகினவங்க ஓட்டக்காரங்களுக்குக் கிட்டத்தட்டப் போயிடுவாங்க."

"சைக்கிள்காரர்?"

அவர் என்னை ஒரு சொத்தைப் பல்லைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"உட்காருங்க சார்."

"பரவாயில்லை, நின்னுக்கிட்டே கேக்கறேன்."

"லேசா வலிக்கும். சைக்கிள்ல உங்க எடையை சீட் சுமக்குது. ஓடும்போது நீங்கதான் சுமக்கணும். மூச்சு நல்லா இருக்கும், அதை நம்பி ஆரம்பத்துல பிச்சுக்கிட்டுப் போவீங்க. ஆனா தரையில குதிச்சுப் பழகாத கால் கொஞ்ச நேரத்துல மக்கர் பண்ணிடும். நடுநடுவுல ஓடியும் பழகினா அது வேற கதை. நீங்க கடைசியா எப்ப சார் ஓடினீங்க?"

யோசித்துப் பார்த்தேன். கல்யாணத்துக்கு முதல் நாள் ஓடியிருக்க வேண்டும். அப்போதும் ஓடவில்லை.

அன்று சாப்பாட்டு மேஜையில் என் முகத்தில் ஈயாடவில்லை. அவளுக்கே இரக்கம் வந்துவிட்டது.

"என்னங்க, பயமா?"

"பயமா? எனக்கா?"

"இல்ல, யோசிச்சுப் பார்த்தேன். வெறும் ஓட்டம்னா எனக்குத்தானே சாதகம்? உங்களுக்கு நல்லா வர்றது எதுவுமே இந்தப் பந்தயத்துல இல்லையே. எனக்கே மனசு கேக்கலை."

"எனக்கு நல்லா வர்றதுன்னா..."

"ம்?"

"சைக்கிள்..."

"ம்?"

"முதல்ல சைக்கிள், அப்புறம் ஓட்டம்னு வெச்சுக்கிட்டா?" மின்னல் வெட்டியது போல இருந்தது. இவ்வளவு அறிவு எனக்குள் எங்கே ஒளிந்திருந்தது? "ஆமா! ஊர்க்கோடியில இருக்கற தண்ணித் தொட்டி வரைக்கும் சைக்கிள்ல போய்த் திரும்பி வரணும். இறங்கினதும் பக்கத்துப் பூங்காவைச் சுத்தி ஓடணும். யாரு முதல்ல நம்ம குடியிருப்புக் கேட்டுக்கு வர்றாங்களோ அவங்க ஜெயிச்சாங்க!"

அவள் முகம் சுருங்கிவிட்டது.

"ஐயையோ, அது எப்படிங்க? சைக்கிள்ல நீங்க எங்கேயோ போயிடுவீங்களே! எனக்குன்னு இருக்கறது அந்தக் கூடை வெச்ச ஓட்டை சைக்கிள் ஒண்ணுதானே?"

"பயமா?" என்றேன். அந்த வார்த்தையை அவளைப் பார்த்து நான் சொன்னது அதுதான் முதல் தடவை. நாக்கில் தேன் ஊறியது.

"சரி, உங்க இஷ்டம்."

என் இஷ்டம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று ராத்திரி இரண்டு மடங்கு சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. எங்கள் குடியிருப்பின் கேட்டில் பல் டாக்டர்தான் நடுவர். இரட்டையர்கள் நீச்சல் பையை முதுகில் மாட்டிக்கொண்டே வந்திருந்தார்கள். பந்தயம் முடிந்ததும் தோற்றவரோடு கிளம்ப வேண்டுமாம். டாக்டர் கையை இறக்கியதும் நான் பறந்தேன். திரும்பிப் பார்த்தால், என் மனைவி கூடையில் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு, காய்கறி வாங்கப் போகிறவளைப் போல மிதித்துக்கொண்டு வந்தாள். நான் தொட்டியைச் சுற்றித் திரும்பும்போது அவள் பாதி வழிகூட வரவில்லை. எதிரே பார்த்ததும் ஒரு கையை விட்டுவிட்டு ஆட்டினேன்.

"மெதுவா வாம்மா! அவசரமில்லை!"

"நீங்க வேகமாப் போங்க! இன்னும் வேகமா!" என்று கத்தினாள்.

தோற்கப்போகிற நேரத்திலும் புருஷனை உற்சாகப்படுத்துகிறாளே என்று எனக்குக் கண் கலங்கியது. அவள் சொல்லைத் தட்டுவானேன்? உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் திரட்டி மிதித்தேன். பந்தயம் என் கைக்குள் இருந்தது. கேட்டில் வந்து இறங்கினேன். ஓட ஆரம்பித்தேன்.

கால் வரவில்லை.

இடுப்புக்குக் கீழே யாரோ அடுத்த வீட்டுக்காரருடைய கால்கள் இருந்தன. அவை இன்னும் சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்தன. மேலே போயின, கீழே வந்தன, முன்னால் மட்டும் போகவில்லை.

"அப்பா, ஏன் வாத்து மாதிரி நடக்கறீங்க?" என்றாள் ஒருத்தி.

"நடக்கலைடி, ஓடறேன்!"

"சைக்கிள்ல இருந்து இறங்கினதும் அப்படித்தான் சார் இருக்கும்" என்றார் டாக்டர். "பழகினவங்களுக்குச் சீக்கிரம் சரியாயிடும்."

"பழகாதவங்களுக்கு?"

"லேசா வலிக்கும்."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன டாக்டர்?"

"நீங்க ஓட்டத்தைப் பத்தி மட்டும்தானே சார் கேட்டீங்க?"

பூங்கா மதிலைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தேன். கைப்பேசியில் பேசிக்கொண்டே நடந்து வந்த ஒரு அம்மாள், "கொஞ்சம் ஒதுங்குங்க தம்பி" என்று என்னைத் தாண்டிப் போனார். முதல் மூலை திரும்புவதற்குள் கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. குனிந்து பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. ஒரே சீராக, கடிகாரம் ஓடுகிற மாதிரி.

"என்னங்க, தண்ணி வேணுமா?"

"போ... நீ போ..."

"சரிங்க."

போனாள். அன்றைக்கு என் மனைவியின் முதுகை நன்றாகப் பார்த்தேன். முதலில் பெரிதாக இருந்தது, பிறகு சிறிதாகிக்கொண்டே போனது, பிறகு மூலை திரும்பிவிட்டது. அங்கேயே ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுகை வந்தது. இனி எந்த ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு இல்லை. சாகிற வரைக்கும் ஈரத் துண்டு.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. நொண்டிக்கொண்டே கேட்டுக்கு வந்து டாக்டரைக் கேட்டேன்.

"அவளும் சைக்கிள்ல இருந்துதானே இறங்கினா? அவ கால் மட்டும் எப்படி டாக்டர் கேட்டுது?"

டாக்டர் வானத்தைப் பார்த்தார். மழை வருமா என்று பார்த்தாராம்.

நீச்சல் வகுப்பை முடித்துக்கொண்டு, கழுத்தும் காலும் வேலைநிறுத்தம் செய்ய, வீட்டுக்கு வந்து கூடத்தில் சாய்ந்தேன். சுவரோரம் என் சைக்கிள் நின்றது. அதைத் தடவிக் கொடுத்தேன். அப்போது எனக்கு இன்னொரு மின்னல் வெட்டியது. எதற்கு மனம் உடைய வேண்டும்? ஞாயிறு போனால் மற்ற நாட்கள் இல்லையா?

"இங்க பாரு," என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தேன். "நாளையில இருந்து நானும் விடியக்காலையில எழுந்துக்கப்போறேன். வாரநாள் பூரா சைக்கிள் ஓட்டப்போறேன். என்ன சொல்ற?"

"அந்த நேரத்துல சைக்கிள் வீட்ல இருக்காதேங்க."

"ஏன்? எங்கே போகும்?"

கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"டாக்டர் போற அந்தப் போட்டிக்கு நானும் பேர் குடுத்திருக்கேன். சைக்கிள் ஓட்டிட்டு, இறங்கின சூட்டோட ஓடிப் பழக வேண்டாமா? டாக்டர்தான் சொல்லிக் குடுத்தாரு."

"நீயா? அதுல நீந்தணுமே! உனக்கு நீச்சல் தெரியுமா?"

"இத்தனை நாள் பிள்ளைங்க வகுப்புல இருக்கும்போது நான் அந்தப் படியில துண்டைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்னா நினைச்சீங்க?"

அவள் சைக்கிள் அருகே போய், காலையில் நான் பல் நறநறக்க முறுக்கி வைத்திருந்த சீட்டை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள்.

"தூங்கறதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் இறக்கி வெச்சுடுங்க. ஒவ்வொரு திங்கக்கிழமையும் நானே திருகி, லேசா கை வலிக்குது."