ஜப்பான் அண்ணன் எடுத்துக் கொடுத்த நாடகங்கள்

ஜப்பானை விட்டுவிட்டால், உலகத்திலேயே ஜப்பான் டிவி நாடகங்களைக் கரைத்துக் குடித்த ஒரே மனிதர் கோயமுத்தூர் பீளமேட்டில்தான் இருந்தார். எங்கள் வீட்டு ஓனர். அவர் கீழே, நாங்கள் மாடியில். தெரு முழுக்க அவருக்கு ஜப்பான் அண்ணன் என்றுதான் பேர்.

ஆள் ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். புது மிஷினைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொள்ள மில்காரர்கள் அவரை ஆறு மாதம் ஜப்பானுக்கு அனுப்பினார்கள். திரும்பும்போது மற்றவர்கள் வாட்ச் வாங்குவார்கள், கேமரா வாங்குவார்கள். இவர் இரண்டு அட்டைப்பெட்டி நிறைய டிவி நாடக கேசட்டுகளோடு வந்து இறங்கினார். அந்தக் கேசட்டுகள் நம்மூர் டெக்கில் கோடு கோடாக ஓடும் என்பதால் அந்த ஊர் டெக், அந்த ஊர் டிவி. அதற்கு நம்மூர் கரண்ட் ஆகாது என்று நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். அது போட்ட இரைச்சலில் கீழே மாவு மில் நடக்கிறது என்றே சுமதி நினைத்துவிட்டாள். சுமதி என் மனைவி. கல்யாணமாகி அப்போது மூன்று வாரம்.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கீழே போனால் நாடகம். ‘நூல் அறுந்தது’, ‘பெல்ட் தேய்ந்தது’, ‘சோறு நல்லாயிருக்கு’. அண்ணனுக்குத் தெரிந்த ஜப்பான் பாஷை அவ்வளவுதான். ஆனால் மொழிபெயர்ப்பு ஒரு நிமிஷம் நிற்காது. கோட்டு சூட்டு போட்ட ஆபீசர் ஒருவர் இடுப்பு வரை குனிந்து ஏதோ சொன்னால், "‘ஏனுங் மாமா, ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்ளா’ங்கறான் பாருங்க" என்பார்.

முடிந்ததும் ஒரு கேள்வி கேட்பார். "உங்களுக்கு இதுல என்னங்க புடிச்சுது?" பதிலைக் கேட்டுக்கொண்டு, கண்ணை மூடி யோசித்து, அதே சங்கதி உள்ள வேறு நாடகத்தை அலமாரியிலிருந்து எடுப்பார். அலமாரியில் காதல், குடும்பம் என்று பிரித்து வைத்திருப்பார் என்று நினைத்தால் ஏமாந்தோம். ‘ரயிலேத்தி உடறது’, ‘கோவத்தைச் சோத்து மேல காட்டறது’, ‘கடைசி வரைக்கும் சொல்லாம உட்டது’ என்றெல்லாம் தட்டுக்குத் தட்டு காகிதம் ஒட்டியிருந்தார்.

பல்லடத்து விசைத்தறிக்காரர் ஒருவர் விவரம் தெரியாமல், "அந்த ஊடு நல்லாருந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டார். வரிசையாக நாலு நாடகம், நாலிலும் வீடு. பார்த்து முடித்தவர் ஊருக்குப் போய்த் தன் வீட்டுக்கும் நகர்த்துகிற கதவு போட்டார். அதைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் அவருடைய மாமியார் கதவோடு சேர்ந்து வாசலுக்கு வந்துவிட்டார்.

சுமதிக்கு மட்டும் அண்ணனின் கணக்கு தப்பவே இல்லை. அவர் கேட்பார், அவள் மெதுவாக ஏதோ சொல்வாள், அவர் தலையாட்டிக்கொண்டே அடுத்த கேசட்டை எடுப்பார். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. நான் அதற்குள் மாடியேறிப் பேப்பரை விரித்திருப்பேன்.

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணை அழைத்துப் போக உடுமலைப்பேட்டையிலிருந்து மாமனார் வந்தார். ஆடி முடிந்து ஆவணியும் பாதி போனது, பெண் வரவில்லை. போன் போட்டேன்.

"இருக்கட்டுமுங் மாப்ள. அவ இன்னுங் கொஞ்ச நாள் இங்கயே இருக்கறேங்கறா" என்றார் மாமனார்.

அந்த மரியாதையிலேயே ஏதோ கோளாறு என்று எனக்குப் புரிந்துவிட்டது. சண்டை போட்டிருந்தால் சமாதானம் பேசலாம். நாங்கள் சண்டை போடும் அளவுக்குக்கூடப் பேசிக்கொண்டதில்லையே!

அண்ணனிடம் போய் நின்றேன். "அவளுக்கு எம்மேல என்னங்ணா கொறை? உங்ககிட்ட எதாச்சும் சொன்னாளா?"

"கொறையெல்லாம் சொல்லலீங் தம்பி. நாடகத்துல என்ன புடிச்சுதுன்னுதான் அம்மணி சொல்லுச்சு."

"என்ன புடிச்சுதாம்?"

"அத நாஞ் சொன்னா நல்லாருக்காதுங்க. உக்காருங்க."

மூன்று நாடகங்கள். ஒன்று மீன் விற்கிறவன் கதை, ஒன்று வக்கீல் கதை, ஒன்று ஆஸ்பத்திரிக் கதை. மூன்றிலும் ஒரே சங்கதி இருக்கிறது, நானாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்றார்.

"மழைங்களாண்ணா?"

"இல்லீங்க."

"கொடை?"

"அதும் மழைதானுங்களே?"

"எல்லாரும் செருப்பக் கழட்டி உட்டுப்போட்டு உள்ள வராங்க."

அண்ணன் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "கண்ணு, பம்பு செட்டுக் கம்பெனில டெஸ்பாட்ச்லதான இருக்கறீங்க? பம்பெல்லாம் சரியான ஊருக்குத்தான் போய்ச் சேருதுங்களா?"

நாலாம் நாள் மீண்டும் மீன்காரன். கடையை மூடிவிட்டு வருகிறான். குட்டை மேஜைக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் பெண்டாட்டி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சாப்பாட்டுக் குச்சியைக் கையில் எடுக்கிறார்கள். அவன் ஏதோ சொல்ல, வாய் நிறையச் சோற்றோடு அவள் சிரிக்கிறாள். வக்கீலும் அப்படித்தான். ஆஸ்பத்திரி டாக்டரும் அப்படித்தான்.

"அண்ணா, புருசனும் பொண்டாட்டியும் ஒண்ணா உக்காந்து சாப்படறாங்க."

அண்ணன் டெக்கை அணைத்தார். "அம்மணி மொத நாளே சொல்லிப்போட்டுச்சுங்க."

எனக்கு வெட்கமாகிப் போனது. எங்கள் வீட்டில் அப்பா சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அம்மா. நானும் அப்படியே. நான் பேப்பரைப் பார்த்தபடி சாப்பிடுவேன், அவள் சமையல்கட்டு நிலையில் நின்று பரிமாறுவாள். நான் கை கழுவிவிட்டுப் போன பிறகு அவள் தனியாக என்ன சாப்பிட்டாள், சாப்பிட்டாளா இல்லையா, இரண்டு மாதத்தில் ஒரு நாள்கூட நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை உடுமலைப்பேட்டைக்குப் போனேன். மாப்பிள்ளைக்கு என்று ஒற்றை இலை போட்டார்கள்.

"சுமதிக்கும் ஒரு எல போடுங்கத்தை."

மாமனார் இருமினார். மாமியார், "அதெப்படிங் மாப்ள, நீங்க மொதல்ல..." என்று இழுத்தார்.

"அவ உக்காந்தாத்தானுங்க நாங் கை வெப்பேன்."

சோறு ஆறியது. வடை விறைத்தது. பக்கத்து வீட்டம்மா ஒருவர் ஜன்னலுக்கே வந்துவிட்டார். கடைசியில் சுமதியே ஒரு இலையைக் கொண்டுவந்து எனக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். தலையைக் குனிந்துகொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஏனுங்க, பேப்பர் கொண்டாரலீங்ளா?" என்றாள். சாயங்காலம் பஸ்ஸில் கோயமுத்தூர் வரும் வரைக்கும் அவள் பேசியதை எழுதினால் இந்தப் பத்திரிகை தாங்காது.

மறுநாள் அண்ணனைச் சாப்பிடக் கூப்பிட்டோம். தனிக்கட்டை. அடுப்படியில் நின்றபடியே தின்று பழகியவர். "எனக்கு இதெல்லாம் பழக்கமில்லீங் அம்மணி" என்று கூச்சப்பட்டுக்கொண்டே எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அந்த வாரமே சுமதி என்னையும் கூட்டிக்கொண்டு டவுன்ஹால் பக்கம் பாத்திரக்கடைக்குப் போய், எங்கள் வீட்டில் அவர் சாப்பிடுவதற்கென்று ஒரு எவர்சில்வர் தட்டு வாங்கினாள். என்ன பேர் வெட்ட வேண்டும் என்று கடைக்காரர் கேட்டதும் நாங்கள் இருவரும் முழித்தோம். "ஜப்பான் அண்ணன்னே வெட்டிப்போடுங்க" என்றாள் அவள்.

அண்ணன் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. நாங்கள் மூன்று வீடு மாறிவிட்டோம். விருந்தாளி எத்தனை பேர் வந்து தட்டு பற்றாமல் போனாலும், அந்தத் தட்டில் வேறொருவருக்குச் சோறு போட சுமதிக்கும் மனசு வரவில்லை, எனக்கும் வரவில்லை.