மூன்று தரம் தாண்டியவள்

சண்முகசுந்தரி கேட்ட கேள்வியில் தப்பு ஒன்றும் இல்லை. கைலாசம் சொன்ன பதிலில்தான் எல்லாம் கெட்டது.

"தரகர் சொன்னாரு அண்ணாச்சி. உங்க மவ மூணு தரம் தாண்டுனவளாமே?"

பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் அம்மா இப்படிக் கேட்டால், வேறு எந்தத் தகப்பனும் காப்பி டம்ளரை நழுவ விட்டிருப்பான். படி தாண்டியவள் என்றால் என்ன பொருள் என்று ஊரில் யாருக்குத்தான் தெரியாது? கைலாசத்துக்கோ, மகளின் மும்முறைத் தாண்டலைத் தவிர உலகத்தில் வேறு தாண்டலே கிடையாது. நாட்டுக்காகத் தாண்டித் தாண்டி மெடல் வாங்கி, முட்டி தேய்ந்து ஓய்வு பெற்ற மகராசி அவள்.

"ஆமா. மூணும் ஒரே ஓட்டத்துல" என்றார் பெருமையாக.

சண்முகசுந்தரி கணவரைப் பார்த்தாள். அவர் மிக்சரைப் பார்த்தார்.

"எங்கன எல்லாம் போனா?"

"கொழும்பு, தோகா, ஜப்பான். வெளிநாடுன்னா அவளுக்கு நல்லா வரும்."

"கூட யாரு?"

"கோச்சுதான். காலேசுல பாத்துப் பிடிச்சுப்போயி கூட்டிட்டுப் போனாரு. தங்கமான மனுசன்."

"இப்பம் அவரு?"

"இவளுக்கு முட்டி போனதும் வேற பிள்ளையப் பிடிச்சிட்டாரு. இப்பம் அது தாண்டுது."

"உங்களுக்கு வருத்தமில்லையா?"

"என்ன வருத்தம்? வண்ணார்பேட்டையே திரண்டு வந்துல்லா மாலை போட்டுச்சு."

கதவுக்குப் பின்னால் ராஜராஜேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள். போட்டி, பயிற்சி என்று எத்தனையோ வரன்களைத் தட்டிக் கழித்தவளுக்கு முதல்முறையாக ஒருவனைப் பிடித்திருந்தது. கல்லிடைக்குறிச்சி அப்பள வியாபாரி குமரகுருபரன். போட்டோவில் பிடித்த முகம், நேரில் இன்னும் பிடித்தது. அதிலும் மண்ணைப் போடுகிறாரே இந்த அப்பா! வெளியே வந்தாள்.

"அத்தை, அது விளையாட்டு."

"விளையாட்டா மூணு தரமா?"

உதவி செய்வதாக நினைத்து கைலாசம் செல்போனில் வீடியோவைப் போட்டார். அது தாண்டி முடித்த பிறகு எடுத்தது. மணலில் கிடந்த ராஜராஜேஸ்வரியைக் கோச்சு தூக்கிக் கட்டிப்பிடித்தார். சண்முகசுந்தரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தாள்.

இனிப் பேசிப் பயனில்லை. ராஜராஜேஸ்வரி பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போய், அங்கிருந்து ஓடி வந்தாள். கூடத்தில் ஒரு காலில் ஒரு தாண்டு, மறுகாலில் இன்னொன்று. மூன்றாவது தாண்டு வாசல்படிக்கு மேலே பறந்து தெருவில் போய் விழுந்தது. மினி பஸ் ஒன்று கிரீச்சென்று நின்றது; டிரைவர் வாயில் வந்ததை எல்லாம் சொன்னார்.

முட்டியைத் தேய்த்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

"இவ்வளவுதான் அத்தை. வேற எந்தப் படியையும் நான் தாண்டுனதில்ல."

கைலாசத்துக்கு அப்போதுதான் உறைத்தது. ஐயோ, எம்மவ அப்படிப்பட்டவ இல்லை என்று கையெடுத்துக் கும்பிட்டார். மலர்ந்திருக்க வேண்டிய சண்முகசுந்தரியின் முகம் ஏனோ வாடிப்போனது. குமரகுருபரன் குனிந்த தலை நிமிரவில்லை.

அதுவரை வாயே திறக்காத அவனுடைய அப்பா, மிக்சர் தட்டைக் கீழே வைத்தார்.

"இப்படி ஏமாத்திட்டியளே அண்ணாச்சி. மூணு தரம் போயும் திரும்பி வந்த பிள்ளைன்னு நம்பில்லா வந்தோம். எங்க வீட்டுப் படி தாண்டிப் போன மருமவளுவ ரெண்டு பேரும் இன்னும் வரலையே."