முறை போட்டுப் பார்த்த சென்னை

திட்டம் போட்டு ஊர் சுற்றுகிறவர்களைக் கண்டால் இப்போதெல்லாம் எனக்குப் பயம். காரணம் வேறொன்றும் இல்லை, நானும் ஒரு முறை போட்டிருக்கிறேன். அந்தத் திட்டத்தை ரூல் போட்ட பேப்பரில் ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டி எழுதினேன். அந்தக் காகிதம் இன்றும் என் மனைவியிடம் பத்திரமாக இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையைத் தொலைத்தவள் அதைத் தொலைக்கவில்லை.

எங்கள் ஊர் உத்திரமேரூருக்கும் சாலவாக்கத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்து, அம்பத்தூரில் ஆறு மாதம் அப்ரண்டிஸாக இருந்துவிட்டு, கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கல்யாணமாகி மூன்றே வாரம். மனைவி கோமளாவோடு கோவையில் குடித்தனம் வைக்கக் கிளம்ப வேண்டும். சென்ட்ரலில் இருந்து ரயில் ஏழு மணிக்கு மேல்தான். 'பகல் முழுக்கச் சும்மா ஏன் இருக்க வேண்டும், விடியற்காலையே கிளம்பிப் போய்ச் சென்னையைச் சுற்றிப் பார்த்துவிட்டு அப்படியே ரயில் ஏறலாம்' என்று நான்தான் ஆரம்பித்தேன். (யாரும் என்னைக் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

கோமளா தென்னேரிப் பெண். அவர்கள் ஊர் ஏரி ரொம்பப் பெரியது. நிறைந்துவிட்டால் கரையில் அலை அடிக்கும். பார்க்கிறவர்கள் எல்லாம் கடல் மாதிரி இருக்கிறது என்பார்கள். அதைக் கேட்டே வளர்ந்தவள், கடலைப் பார்த்ததில்லை. கல்யாணமான மூன்றாம் நாள் என்னிடம் கேட்ட ஒரே விஷயம் அதுதான். எங்கள் ஏரி கடல் மாதிரி இருக்கிறதா இல்லையா என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றாள். புடவை கேட்கவில்லை, கொலுசு கேட்கவில்லை. நான் மார்பைத் தட்டிக்கொண்டு, சென்னை எனக்கு உள்ளங்கை மாதிரி என்றேன். அம்பத்தூரில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ரூமில் இருந்து கம்பெனிக்குப் போகிற ஷேர் ஆட்டோ மட்டும்தான். நடுவில் ஒரு நாலு தடவை ரூம் பையன்களோடு மெரினா போயிருக்கிறேன். அந்த நாலு தடவையை நீங்கள் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது மூட்டைகளுக்கு வருவோம். புதுக் குடித்தனம் என்றதும் இரண்டு வீட்டிலும் அள்ளிக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் நிலத்துப் பொன்னி அரிசி அரை மூட்டை, சாக்கில் போட்டுத் தைத்தது. வாய்க்குத் துணி கட்டிய எவர்சில்வர் அண்டா, அதற்குள் பாத்திரங்கள். கோரைப்பாய்ச் சுருள். ஒரு சூட்கேஸ். மாமியார் கொடுத்த எலுமிச்சங்காய் ஊறுகாய் ஜாடி, அது ஒரு கட்டைப்பையில். மொத்தம் ஐந்து உருப்படி.

ஸ்டேஷனிலேயே சாமான் வைக்கிற அறை இருக்கிறது, அங்கே போட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு சுற்றுங்கள் என்று கம்பெனி நண்பன் போனில் சொன்னான். நான் சிரித்தேன். அவன் டவுனில் பிறந்தவன், மூட்டையின் அருமை தெரியாதவன். எங்கள் வீட்டில் நெல் அறுத்துக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டு போனால், எடை போடுகிற வரைக்கும் பத்து நாளோ பதினைந்து நாளோ மூட்டையை விட்டு ஆள் நகர மாட்டோம். நகர்ந்தால் மாடு வாய் வைக்கும், மழை நனைக்கும், வரிசை போய்விடும். அப்பா, அண்ணன், நான் என்று முறை போட்டுக்கொண்டு காவல் இருப்போம். அடுத்த முறைக்காரன் வந்து மூட்டையில் கை வைத்த பிறகுதான் முந்தையவன் எழுந்திருக்கலாம். இது எங்கள் வீட்டுச் சட்டம். ஆகவே, முன்பின் தெரியாத ஒருவரிடம் அரிசியை ஒப்படைப்பதாவது?

சென்னைக்கும் முறை போட்டேன். மியூசியம், மெட்ரோ, கடல் என்று மூன்று இடம். ஒவ்வொன்றிலும் முதல் ஒரு மணி நேரம் நான் பார்ப்பேன், கோமளா மூட்டை காப்பாள். அடுத்த ஒரு மணி நேரம் அவள் பார்ப்பாள், நான் காப்பேன். முதல் முறை ஏன் எப்போதும் எனக்கு என்றால், நான் முன்னால் போய் வழி பார்த்து வந்து சொன்னால்தானே அவள் தடுமாறாமல் போக முடியும்? எவ்வளவு அக்கறை பாருங்கள். பேப்பரைக் காட்டியபோது கோமளா ரொம்ப நேரம் படித்தாள். கடைசிக் கட்டத்தில் 'கோமளா – கடல்' என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, சரி என்றாள்.

மூன்று மணிக்கு எழுந்து, முதல் பஸ்ஸில் செங்கல்பட்டு. அங்கிருந்து மின்சார ரயிலில் எழும்பூர். பஸ்ஸில் அண்டாவை மடியில் வைத்துக்கொண்டு வந்த கதையைச் சொன்னால் நீளும், விட்டுவிடுகிறேன்.

ஸ்டேஷன் வாசலில் மர நிழலாகப் பார்த்து மூட்டைகளை இறக்கி, கோமளாவைக் காவல் வைத்துவிட்டு மியூசியத்துக்கு நடந்தேன். போகிற வழி, வரிசை, உள்ளே திமிங்கல எலும்புக்கூடு என்று ஒரு மணி நேரம், ஒன்றே முக்கால் மணி நேரமாகிவிட்டது. திரும்பி வந்து, நேரம் குறைந்துவிட்டதால் அவளுக்கு இருபது நிமிஷம்தான் என்று (மனசாட்சியே இல்லாமல்) அறிவித்தேன். அவள் வேகமாகப் போனாள். கால் மணி நேரத்தில் திரும்பிவிட்டாள். மியூசியம் அதற்குள் பார்த்தாயா என்று கேட்டேன். பாத்ரூம் தேடிப் போனேன் என்றாள். காலையில் இருந்து அடக்கிக்கொண்டு மூட்டை மேல் உட்கார்ந்திருந்திருக்கிறாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நான் பேப்பரை எடுத்து மியூசியத்துக்கு எதிரே டிக் போட்டேன்.

புளிசாதம் சாப்பிட்டுவிட்டு, அடுத்தது அங்கேயே எழும்பூரில் மெட்ரோ. ஒரு ஸ்டேஷன் போய் உடனே திரும்பி வருவதாகத் திட்டம். உள்ளே ஏ.சி. சில்லென்று இருந்தது. மூன்று மணிக்கு எழுந்த உடம்பு. உட்கார்ந்தது தெரியும், கடைசி ஸ்டேஷனில் ஒரு காக்கிச் சட்டைக்காரர் தோளைத் தட்டியது தெரியும், நடுவில் ஒன்றும் தெரியாது. திரும்பி வந்தபோது கோமளாவைச் சுற்றி இரண்டு பெண்கள் நின்று அரிசியைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்கள். சாக்கும் அண்டாவுமாக உட்கார்ந்திருப்பவளைப் பார்த்து அரிசி விற்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள். அவளும் பொறுமையாக, இது புது அரிசி, கொஞ்சம் குழையும், தண்ணீர் குறைத்து வைக்க வேண்டும் என்று பக்குவம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் தலைகுனிந்து நின்றேன். இப்போது நீ போய் வா என்றதற்கு, மெட்ரோ வேண்டாம் என்றாள்.

"எனக்கு கடலு மட்டும் போதுங்க. அத்தொண்ணு காட்டிடுங்க."

மறுபடி மின்சார ரயிலில் பூங்கா ஸ்டேஷன் போய் இறங்கி, சாலையைத் தாண்டி, பறக்கும் ரயில் பிடித்துச் சேப்பாக்கம் வந்து சேர்ந்தபோது மணி நாலேமுக்கால். இறக்கி ஏற்றியதில் ஊறுகாய் ஜாடி வாய் திறந்து என் சட்டை முதுகெல்லாம் எண்ணெய். ஆறேகாலுக்குள் அங்கிருந்து கிளம்பினால்தான் சென்ட்ரலில் வண்டியைப் பிடிக்க முடியும். கடற்கரைச் சாலை ஓரம் வரைக்கும் மூட்டைகளை இழுத்து வந்துவிட்டோம். அதற்கு மேல் மணல். அரை மூட்டை அரிசியோடு அந்த மணலில் நடக்க முடியாது. நடைபாதையில் பூ விற்கிற ஒரு அம்மாள் பக்கத்தில் மூட்டைகளை அடுக்கினோம். அங்கிருந்து பார்த்தால் கடல் தெரியவில்லை. மணல்மேடும், கடைகளும், ஜனங்களும்தான். சத்தம் மட்டும் கேட்டது.

அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கோமளா, அன்றைக்கு முதல் முறையாக, என் திட்டத்தில் ஒரு திருத்தம் சொன்னாள்.

"நான் மொதல்ல போயிட்டு வரட்டா?"

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் இப்போது தெரியும். அன்றைக்கு என்ன சொன்னேன் என்றால், உனக்கு வழி தெரியாது, நான் பார்த்துவிட்டு அஞ்சே நிமிஷத்தில் வருகிறேன் என்றேன். கடலுக்கு வழி. எதிரே நேராக நடந்தால் காலை நனைக்கிற கடலுக்கு, நாலு தடவை பார்த்தவன் வழி பார்க்கப் போனேன். அவள் சரி என்று அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தாள்.

கடலுக்கு என்று ஒரு மாயம் இருக்கிறது. போனதும் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு நின்றேன். ஒரு அலை, இன்னொரு அலை. கோமளாவுக்குக் காட்ட வேண்டும் என்று போனில் படம் எடுத்தேன். அடுத்து வந்த அலை கொஞ்சம் பெரியது. போன் கையில் இருந்து நழுவி உப்புத்தண்ணீரில் குளித்து அணைந்துபோனது. மணி பார்க்க எனக்கு இருந்தது அது ஒன்றுதான். அதைச் சட்டையில் துடைத்து, வெயிலில் காட்டி, ஊதி, உதறி (சட்டையில் ஊறுகாய் எண்ணெய் என்பது அப்போது ஞாபகம் வரவில்லை) ஒரு வழியாகக் கைவிட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் மணி கேட்டேன். ஆறடித்துப் பத்து நிமிஷம் என்றார்.

அவளுடைய முறை போய்விட்டது. இனி அவள் ஓடி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகக்கூட நேரம் இல்லை. வெறும் கையோடு எப்படிப் போய் நிற்பது? அப்போது தோன்றியது அந்த யோசனை. தோளில் தொங்கிய தண்ணீர் பாட்டிலில் மிச்சம் இருந்ததைக் கொட்டிவிட்டு, அதில் கடலைப் பிடித்தேன். பாட்டில் நிறைய. கடலைத்தான் பார்க்கவில்லை, கடல் தண்ணீரையாவது பார்க்கட்டும் என்று. அந்த நிமிஷம் எனக்கு அது பெரிய பாசமாகத் தெரிந்தது என்பதை நினைத்தால் இன்றும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறேன்.

மணலில் ஓடி வந்தேன். கோமளா நான் விட்டுப்போன அதே இடத்தில், அதே மூட்டை மேல், ஒரு கை அண்டாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். உதடு வறண்டிருந்தது. இருந்த ஒரே தண்ணீர் பாட்டிலையும் நான்தான் தோளில் மாட்டிக்கொண்டு போயிருக்கிறேன் என்பது அவள் பார்வை போன இடத்தைக் கண்டபோதுதான் புரிந்தது. எனக்கு மூச்சு வாங்கியது, பேச்சு வரவில்லை. பாட்டிலை அவளிடம் நீட்டினேன். கடலைக் காட்டத்தான் நீட்டினேன். அவள் வாங்கி, மூடியைத் திறந்து, அண்ணாந்து, மடக் மடக்கென்று குடித்துவிட்டாள்.

இரண்டு மடக்கு உள்ளே போன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. மூன்றாவது மடக்கு என் மேல் வந்தது. இருமி, குமட்டி, கண்ணில் தண்ணீர் வழிய அவள் குனிந்துகொண்டபோது பூக்கார அம்மாள் ஓடிவந்து முதுகைத் தடவித் தன் சொம்பில் இருந்து நல்ல தண்ணீர் கொடுத்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"ஏம்பா, நீ இன்னா ஆளுப்பா? நானு ரெண்டு தபா சொல்லிட்டேன். மூட்டைய நான் பாத்துக்கினு கீறேன், நீ போய் கடல பாத்துட்டு வாம்மானு. எங்க வூட்டுக்காரரு முறை போட்டுக் குடுத்துக் கீறாரு, அவரு வந்து கை வெக்காம ஏந்திரிக்க மாட்டேன்னு இந்தப் பொண்ணு குந்திக்கினே கீது."

நான் பார்த்துப் பார்த்துப் போட்ட சட்டத்தை அன்றைக்கு ஒழுங்காகக் காப்பாற்றியது அவள் ஒருத்திதான். நடைபாதையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். மடித்த பேண்ட், நனைந்த கால், முதுகில் ஊறுகாய், முகத்தில் கடல். எனக்குப் பூமி பிளந்தால் தேவலாம் போல இருந்தது. கோமளா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, பாட்டிலை ஒரு முறை பார்த்தாள்.

"உப்பு கரிக்குது. எங்க ஏரித் தண்ணி குடிக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு மூட்டையை விட்டு எழுந்து, நேரமாகிவிட்டது, தூக்குங்கள் என்றாள்.

ரயிலில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். மறுநாள் காலையில் கோவையில் இறங்கியதும் கம்பெனி நண்பனின் போனில் மாமியாரைக் கூப்பிட்டோம், கடலைப் பார்த்தாயா என்று கோமளாவைக் கேட்டார். "பாக்கலம்மா, குடிச்சேன்" என்றாள். மத்தியானத்துக்குள் தென்னேரி முழுக்கத் தெரிந்துவிட்டது. சாயந்தரம் அண்ணன் அதே போனில் கூப்பிட்டு, கொள்முதல் நிலையத்தில் சிரிக்காதவர் கிடையாது என்று தகவல் சொன்னான்.

அடுத்த பொங்கலுக்கு மகாபலிபுரம் கூட்டிப் போனேன். முதல் முறை அவளுக்கு. இரண்டாவது முறையும் அவளுக்கு. நான் பைகளோடு மணலில் உட்கார்ந்திருந்தேன், ஒரு டீக்குக்கூட எழுந்திருக்கவில்லை. ஈரக் காலோடு திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தவள், கடல் பெரியதுதான் என்று ஒப்புக்கொண்டாள். கொஞ்சம் பொறுத்து, ஆனால் எதிர்க்கரை இல்லாததெல்லாம் ஒரு நீர்நிலையா என்றும் கேட்டாள்.

ஒன்பது வருஷம் ஆகிறது. எங்கே போனாலும் பை காக்கிற முதல் முறை எனக்குத்தான், அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதுகூட இல்லை. போன மாதம் ஊருக்குப் போகும்போது உத்திரமேரூர் பஸ்ஸில் நல்ல வெயில். கோமளா தண்ணீர் கேட்டாள். பாட்டிலை எடுத்து நீட்டினேன். நடுவில் உட்கார்ந்திருந்த எங்கள் ஏழு வயது மகள் அதைப் பாதி வழியில் வாங்கிக்கொண்டாள். மூடியில் ஒரு சொட்டு ஊற்றி, நாக்கில் வைத்து, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி, "நல்ல தண்ணிதாம்மா" என்றாள்.

அதற்கப்புறம்தான் கோமளா கையை நீட்டினாள்.