ஏழாவது மாடியில் ஒரு காபித் தோட்டம்

பம்பாய் செம்பூரில் காபி குடிக்காத தமிழர்கள் ஒன்றிரண்டு பேர் இருக்கலாம். காபி விஷயமாகப் பீபரி மாமாவின் குறுக்கு விசாரணைக்கு ஆளாகாத தமிழர் ஒருவர்கூடக் கிடையாது. கோட்டைப் பக்கம் ஏதோ இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இருந்து ரிடையர் ஆனவர். எங்கள் கட்டடத்தில் இரண்டாவது மாடி, எங்களுக்கு எதிர் வீடு. சொந்தப் பெயர் கதவில் பித்தளைப் பலகையில் இருந்தது. யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

காபிப் பழத்துக்குள் சாதாரணமாக இரண்டு கொட்டைகள் முகத்தோடு முகம் ஒட்டிக்கொண்டு இருக்கும். சில பழங்களில் மட்டும் ஒரே கொட்டை உருண்டையாக விளையும். அதுதான் பீபரி. இதை நான் எங்கும் படிக்கவில்லை. லிஃப்டில் அவரிடம் மாட்டிக்கொண்டபோது மாமா சொன்னது. லிஃப்ட் ஏழாவது மாடி வரை போய்விட்டுத் திரும்பி வந்தும் அவர் முடிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை அவரோடு மாதுங்காவுக்குக் காபிப் பொடி வாங்கப் போய்ப் பட்ட பாடு இருக்கிறதே! மாமாவுக்குச் சிக்கரி ஆகாது. முன்னால் நிற்பவர் சிக்கரி சேர்த்து அரைத்திருந்தால் மெஷினுக்குள் அது கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது அவர் கவலை. அதனால் வருகிறவர்களுக்கெல்லாம் "நீங்க போங்கோ, நீங்க போங்கோ" என்று வழி விட்டுக்கொண்டே இருந்தார். உங்கள் முறை எப்போதுதான் வரும் என்று கடைக்காரர் இந்தியில் கேட்டார்.

"பஹ்லே சிக்கரி பந்த் கரோ!" என்றார் மாமா, முதலில் சிக்கரியை நிறுத்தச் சொல்லி.

கடைசியில் சிக்கரி வேண்டாம் என்று ஒரு புண்ணியவான் வந்தார். அவர் முதுகில் மூச்சு படும் அளவுக்கு நெருங்கி நின்று மாமா பொடி வாங்கினார். அந்த மனிதர் தன் பர்ஸைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஓட்டலிலும் இதே கதைதான். "டிகாக்‌ஷன் எப்போ எறங்கித்து?" என்பார். "காலைல சார்" என்பார் சர்வர். "எந்தக் காலைல?" என்பார் மாமா.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த ஜெயா மாமி டீ குடிப்பவர். காட்கோபரில் பிறந்து வளர்ந்த அவருக்கு இஞ்சி தட்டிப் போட்ட டீ இல்லாமல் பொழுது விடியாது. மாமா டபராவோடு பால்கனியில், மாமி கண்ணாடி கிளாஸோடு சமையலறையில். கல்யாணமான நாள் முதல் இருவரும் காலையில் ஒன்றாக உட்கார்ந்து ஒரே பானத்தைக் குடித்ததில்லை. மாமாவுக்கு அது பெரிய குறை. ஒருநாள் எங்கள் வீட்டில் வைத்தே சொல்லிவிட்டார்.

"என்னோட ஒக்காந்து ஒரு டம்ளர் காபி குடிச்சா இவளுக்கு என்ன கொறஞ்சு போயிடும்?"

"எல்லாம் கடைக்காரன் கொட்டை" என்றார் மாமி. "நீங்களே வளர்த்து, நீங்களே வறுத்துப் போட்டுக் குடுங்கோ, குடிக்கறேன்."

மாமி கேலிக்குச் சொன்னதுதான். அடுத்த மாதமே மாமா சிக்மகளூர் போய், ஒரு அராபிகா காபிக் கன்றை ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்.

காபியில் ரோபஸ்டா வகை என்றால் தாழ்வான இடத்திலும் வளருமாம். அராபிகாவுக்கு மலை வேண்டும், நிழல் வேண்டும், குளிர்ச்சி வேண்டும். செம்பூரில் மூன்றுமே கிடையாது. மாமா தொட்டியை மொட்டை மாடிக்கு ஏற்றினார்.

"ஏழு மாடி ஒரு உசரமா மாமா?"

"ரெண்டை விட உசரந்தானேடா?"

தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வைத்து, மேலே ஒரு பழைய குடையைக் கட்டினார். எஸ்டேட்டில் மிளகுக் கொடி படர்ந்திருக்கும் என்று பக்கத்தில் ஒரு கொடியையும் நட்டார். இப்படி மூன்று வருஷம். கடைசியில் மொட்டு விட்டது. மார்ச் வாக்கில் ஒரு மழை பெய்தால்தான் அது விரியுமாம். பம்பாயில் மார்ச்சில் மழைக்கு எங்கே போவது? மாமா ஏணியில் ஏறிப் பூவாளியால் தானே பெய்தார். கீழ் வீட்டு பால்கனியில் உலர்த்தியிருந்த துணியெல்லாம் நனைந்தது. மேலிருந்து தண்ணீர் ஊற்றுவது யார் என்று சொசைட்டி வாட்ஸ்அப்பில் சண்டை. மாமா ஒரே வார்த்தை பதில் போட்டார்: "மழை."

சில நாளில் செடி வெள்ளையாகப் பூத்தது. மல்லிகை போலவே வாசனை. சண்டை போட்டவர்கள்கூட மேலே வந்து முகர்ந்துவிட்டுப் போனார்கள். ஜெயா மாமியும் ஒருநாள் யாருக்கும் தெரியாமல் போய்ப் பார்த்துவிட்டு வந்ததை நான் பார்த்தேன். குளிர்காலத்தில் காய்கள் சிவந்தன. எல்லாம் சேர்ந்து ஒரு கைப்பிடி. தாராளமாகக் கணக்குப் போட்டால் இரண்டு டம்ளர் காபி. மாமா மொட்டை மாடியில் துணி விரித்து உலர்த்தினார். காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே கொட்டை ஆட வேண்டுமாம். தினமும் குலுக்கிக் குலுக்கிக் கேட்டார்.

பக்கத்துத் துணியில் என் அம்மா சுண்டைக்காய் வற்றல் போட்டிருந்தாள். ஒரு காலை, புறாக் கூட்டம் இறங்குவதைப் பார்த்து ஓடிப்போய் இரண்டு துணியையும் ஒன்றாகச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டாள். உலர்ந்த காபிப் பழமும் சுண்டை வற்றலும் அண்ணன் தம்பி போல இருக்கும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

மத்தியானம் மாமா வெறிச்சோடிய மொட்டை மாடியைப் பார்த்துவிட்டு, முகம் வெளுத்து எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார். அடுப்பில் வற்றக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மூக்கை உறிஞ்சினார். எட்டிப் பார்த்தார். அவர் கண்டுகொண்டதை அம்மாவும் கண்டுகொண்டாள்.

"ஐயையோ! அத்தனையையும் வறுத்துப் போட்டுட்டேனே! என்னமோ இந்த வருஷம் வத்தல் கெட்டியா இருக்கேன்னு நெனச்சேன்..."

மாமா சுவரில் சாய்ந்துகொண்டார். கண் கலங்கிவிட்டது. ஆனால் ஆள் பீபரி மாமா ஆயிற்றே!

"வறுக்கறச்சே வெடிச்சுதா?"

"எண்ணெய்ல போட்டா வெடிக்காதா?"

"ஒரு தரமா, ரெண்டு தரமா?" காபிக் கொட்டை பதமாக வறுபட இத்தனை தரம் வெடிக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு கணக்கு.

"நான் என்ன, எண்ணிண்டா இருந்தேன்?" என்று அம்மா அழுதேவிட்டாள்.

சத்தம் கேட்டு ஜெயா மாமி வந்தார். விஷயத்தைக் கேட்டார். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் மாமாவைக் கையைப் பிடித்து உட்கார வைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாமி, ரெண்டு பேருக்கும் சாதம் போடுங்கோ" என்றார் அம்மாவிடம்.

குழம்பிலிருந்து கொட்டைகளைப் பொறுக்கி ஒவ்வொன்றாகக் கடித்தார். கடக் கடக் என்று சத்தம். மாமா சாப்பிடாமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு?"

"கசக்கறது. பல்லு போயிடும் போல இருக்கு" என்றார் மாமி. "நீங்க வளர்த்ததாச்சே. மிச்சம் வைக்க மாட்டேன்."

மறுநாள் காலை எதிர் பால்கனியில் இரண்டு நாற்காலிகள். இரண்டு கண்ணாடி கிளாஸ்கள். மாமா கையில் டீ!

"என்ன மாமா இது?"

"சும்மா இருடா. இந்த இஞ்சி எந்த ஊர்துன்னு இவளைக் கேட்டுண்டிருக்கேன். சொல்ல மாட்டேங்கறா."

இப்போது புதிதாகக் கட்டித் தருவதற்காக எங்கள் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். ஆளுக்கொரு திசையில் வாடகைக்கு இருக்கிறோம். புதிய கட்டடத்தில் எந்த மாடி வேண்டும், எந்தத் திசை பார்த்து வேண்டும் என்று பில்டர் கேட்கிறார். எந்த மாடியானாலும் சரி, மாமா வீட்டுக்கு எதிர் வீடாகக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.