மூன்று நாள் படுத்தால் போதும்

"மாமா, டேஷ்போர்டுல எங்கேயோ 'டிக் டிக்'னு சத்தம் வருது. இந்த வண்டியை என்னால ஓட்ட முடியாது" என்று சாவியை மேசையில் போட்டான் மைத்துனன்.

மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தச் சரக்கு லாரி கம்பெனியின் பட்டறையில் இருபத்தாறு வருடமாக அவர்தான் தலைமை மெக்கானிக். மனைவியின் தம்பியாயிற்றே என்று இவனை டிரைவராகச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். சோதனைக்கு வந்திருந்த புது மின்சார லாரியை மேனேஜர் அவனிடமே கொடுத்திருந்தார்.

சோதனை பதினைந்து நாள். பட்டறை ஆட்கள் எட்டுப் பேரையும் நிற்கவைத்து மேனேஜர் முதல் நாளே சொல்லிவிட்டார். "இந்த வண்டி மொத்தமா மூணு நாள் ரிப்பேர்ல படுத்துச்சுன்னா திருப்பி அனுப்பிடுவோம். டீசல் வண்டிங்களே ஓடட்டும். படுக்கலேன்னா இதே மாதிரி முப்பது வாங்குறோம். இதுல இன்ஜின் ஆயில் கிடையாது, ஃபில்டர் கிடையாது, கிளட்ச் கிடையாது. அப்புறம் பட்டறை எதுக்கு?"

ஆக, எட்டுப் பேர் வேலையும் நிலைக்க மேஸ்திரி செய்யவேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஒன்றும் செய்யாமல் இருப்பது. அதைவிடக் கஷ்டமான வேலையை அவர் வாழ்நாளில் செய்ததில்லை.

"ஓரமா நிறுத்து. நாளைக்குப் பார்க்கலாம்" என்றார். மைத்துனன் முகமெல்லாம் பல்லாகக் கிளம்பிப் போனான்.

டீசல் வண்டியாக இருந்தால் அந்தச் சத்தம் இன்ஜின் இரைச்சலில் அமுங்கியிருக்கும். மேஸ்திரி சும்மா ஏறி உட்கார்ந்து பார்த்தார். சும்மா ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். சும்மா காதைச் சாய்த்துக் கேட்டார். டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு தகட்டின் நட்டு கழன்று ஆடிக்கொண்டிருந்தது. அவர் கை சும்மா இருக்குமா? பத்தாம் நம்பர் ஸ்பானரைத் தேடினால் காணவில்லை. எட்டுப் பேரில் தன்னைத் தவிர மற்ற ஏழு பேரையும் திட்டிவிட்டுக் கட்டிங் பிளேயரால் முறுக்கினார். இருபது நிமிடத்தில் வண்டி தயார்.

"புத்தம் புது வண்டி. ஒரு நட்டை ஒழுங்கா முறுக்கத் தெரியல அந்தக் கம்பெனிக்காரனுக்கு" என்றார் சாப்பிடும்போது.

"நீங்க முறுக்கிட்டீங்களாக்கும்?" என்று மனைவி தண்ணீர்ச் சொம்பை ணங்கென்று வைத்தாள். அவளுக்கும் ஏதோ அலுப்பு என்று நினைத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள், சார்ஜ் போடும் இடத்தின் மூடி தொங்கிப்போய் வந்தது. கீலில் நட்டைக் காணோம். லாரி விற்ற கம்பெனியிலிருந்து இன்ஜினியரம்மா மடிக்கணினியோடு வந்தார்.

"கீலையே முழுசா வரவழைக்கணும். நாலு நாள் ஆகும்."

நாலு நாள்! மேஸ்திரி காதில் தேன் பாய்ந்தது. எட்டுக் குடும்பம் பிழைத்தது. அந்த அம்மா அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"இது உங்க பட்டறையில செய்யற வேலை இல்ல சார்."

"எது? இந்தக் கீலா?"

பழைய டீசல் லாரியின் நட்டு ஒன்று, டியூபிலிருந்து வெட்டிய ரப்பர்த் துண்டு ஒன்று. பத்தே நிமிடம். இன்ஜினியரம்மா வளைத்து வளைத்துப் படம் எடுத்தார்.

"பிரமாதம் சார். இனிமே வர்ற வண்டியிலெல்லாம் இப்படியே ரப்பர் போடச் சொல்றேன்."

ரேடியேட்டர் வேலை செய்கிறவர் மேஸ்திரியைத் தனியே இழுத்துப் போனார். "அண்ணே, உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன். எனக்கு ரெண்டு பொண்ணுங்க. கையைப் பாக்கெட்லேயே வச்சுக்குங்க."

வைத்துக்கொண்டார். ஒன்பதாம் நாள் டிரைவர் சீட் ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தபோதும் மத்தியானம் வரை வைத்துக்கொண்டுதான் இருந்தார். மைத்துனன் பக்கத்தில் வந்து குசுகுசுத்தான்.

"முடியலேன்னா விட்டுடுங்க மாமா. தப்பா நினைக்க மாட்டோம். வயசாகுதில்ல?"

இவனுக்குக் கிளட்ச் மிதிக்கக் கற்றுக்கொடுத்ததே அவர். வயசாகிறதாமே! சீட்டுக்கு அடியில் கழன்றிருந்த நட்டுகளை முறுக்கினார்; ஒரு மணி பத்து நிமிடத்தில் சீட் சிம்மாசனம் மாதிரி நின்றது. மைத்துனன் அதில் துக்க வீட்டில் உட்காருவது போல உட்கார்ந்தான்.

இனித் தன்னை நம்பிப் பயனில்லை என்று மேஸ்திரிக்குப் புரிந்தது. பதினோராம் நாள் உடம்பு சரியில்லை என்று லீவு போட்டார். மனைவி வழக்கமில்லாத வழக்கமாகத் தலையணையைத் தட்டிப் போட்டாள். "வண்டி படுக்கலேன்னா நீங்களாவது படுங்க."

மறுநாள் போன் வந்தது. ரேடியேட்டர்காரர். "அண்ணே, வைப்பர் அசையல. சந்தோஷமான விஷயமாச்சேன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"அடியில நட்டு கழண்டிருக்கும், பாரு" என்று மேஸ்திரியின் வாய் சொல்லிவிட்டது. மனைவி பாய்ந்து போனைப் பிடுங்குவதற்குள் மறுமுனையில், போனுக்குப் பக்கத்தில் வந்து நின்ற மேனேஜரின் குரல் கேட்டது. "அட, ஆமாம்! முறுக்குய்யா!" ஏழு நிமிடம்.

பதினைந்தாம் நாள் மேனேஜர் கணக்குப் படித்தார். ரிப்பேர் வேலைக்குப் பிடித்தது மொத்தம் ஒரு மணி நாற்பத்தேழு நிமிடம். முப்பது லாரிக்கு ஆர்டர் போயாயிற்று. மாதக் கடைசியில் பட்டறைக்குப் பூட்டு. விரைவுச் சேவைக்காக மேஸ்திரிக்குச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்று. கைதட்டியது மேனேஜர் மட்டும்தான். மற்ற ஏழு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேஸ்திரிக்கு அழுகை வந்தது. இத்தனை வருடம் வேலை தெரிந்தவன் என்று பெயர் எடுத்தது, ஏழு பேர் வயிற்றில் அடிக்கத்தானா?

சான்றிதழைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மைத்துனன் முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"என் கையைத்தான் வெட்டிப் போடணும்" என்று நாற்காலியில் சாய்ந்தார். "ஆனா ஒண்ணு சொல்றேன். நாலு தடவையும் நட்டு. வெறும் நட்டு! நட்டு முறுக்கத் தெரியாதவன் முப்பது லாரி விக்கறான். முறுக்கத் தெரிஞ்ச எட்டுப் பேர் வீட்டுக்குப் போறோம்."

மைத்துனன் அக்காவைப் பார்த்தான். அவள் சொல்லித் தொலை என்பது போலத் தலையசைத்தாள். அவன் பாக்கெட்டிலிருந்து பத்தாம் நம்பர் ஸ்பானரை எடுத்துச் சான்றிதழின் மேல் வைத்தான்.

"சொன்னா கழட்டவே விடமாட்டீங்கன்னு உங்ககிட்ட சொல்லாம, அக்கா பேச்சைக் கேட்டு நாலு தடவை நான்தான் கழட்டினேன் மாமா; ஒரு தடவையாவது 'என்னால முடியல'ன்னு சொல்லியிருக்கக் கூடாதா?"