கோமளவல்லியின் வலைப்பூவும் ஒரு நல்ல திருடனும்

ஒரு காட்டில் கோமளவல்லி என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். கோமளமாவது மண்ணாவது, பக்கத்தில் போனால் தெரியும்! கல்யாணமான நாள்முதல் மாமியார்மேல் இருந்த வயிற்றெரிச்சலையெல்லாம் அவள் தன் வலைப்பூவில்தான் கொட்டிவந்தாள். வீட்டில் வாய் திறக்க முடியாது. அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

வலைப்பூ யானையாரின் இடத்தில் இருந்தது. இலவசம். ஆனால் அவர் இஷ்டத்துக்கு விளம்பரம் போடுவார். "கிழவி என் பிரசவத்துக்குக்கூட வரவில்லை" என்று அவள் அழுது எழுதியதற்குக் கீழே, "அன்பு மாமியாருக்கு மயில்தோகை விசிறி பரிசளியுங்கள்" என்று போட்டார். கோமளத்துக்கு முள்ளெல்லாம் நட்டுக்கொண்டது.

"சொந்தமா இடம் வாங்கி நாமளே இன்ஸ்டால் பண்ணிக்கலாம்க்கா. ஒருத்தரும் கேக்க முடியாது," என்றான் குரங்கு மாரப்பன்.

கோமளமும் இடம் வாங்கி, எழுதியதையெல்லாம் அங்கே மாற்றினாள். யானையாருக்கு நாலு வார்த்தை நறுக்கென்று சொல்லிவிட்டுப் பழைய இடத்தை அழித்தும் விட்டாள். ரோஷம்! அப்புறம் எழுத நேரமேது? ஒருநாள் பூட்டு சரியில்லை, ஒருநாள் அலங்காரம் சரியில்லை. ஒருநாள் திரை "புதுப்பிக்கவா?" என்று கேட்டது. மரியாதையாகக் கேட்கிறதே என்று "சரி" என்றாள். எல்லாம் அழிந்து திரை வெள்ளையாகிவிட்டது.

"பேக்கப் எடுத்து வெச்சிருக்கீங்கள்லக்கா?"

"அப்படின்னா?"

மாரப்பன் மெதுவாக மரமேறிவிட்டான். கோமளம் ஓவென்று அழுதாள். அழுகைக்கு நடுவே நரி பரமானந்தம் ஞாபகம் வந்தது. அவள் எழுதுவதையெல்லாம் வரி விடாமல் காப்பியடித்துத் தன் பெயரில் போடுகிற பயல். ஓடிப்போய்ப் பார்த்தாள். அத்தனையும் பத்திரமாக இருந்தது. "நான் நிறைமாதமாக இருந்தபோது" என்பதைக்கூட அந்தக் கடங்காரன் மாற்றவில்லை.

"அண்ணே, அதையெல்லாம் நான் எடுத்துக்கட்டுமா?"

நரிக்குக் கோபம் வந்துவிட்டது. "அடுத்தவன் எழுத்தைத் திருட வெட்கமாயில்ல? சரி, தொலையட்டும். கீழ 'நன்றி: பரமானந்தம்'னு போட்டுடு."

பல்லைக் கடித்துக்கொண்டு போட்டாள்.

அன்று மாலை மாமியார் நரியின் தளத்தைப் படித்துவிட்டு மூக்கைச் சிந்தினாள். "பாவம்டி அந்தப் பிள்ளை. மாமியாரா அவ? ராட்சசி! நல்ல சாவு வராது அவளுக்கு!"

"வராதுங்கத்தை," என்றாள் கோமளம். கல்யாணமாகி அன்றைக்குத்தான் அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

நீதி: ஓசி இடமா, சொந்த இடமா என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதே. சோம்பேறித்தனம் இல்லாத ஒரு திருடன் அமைந்தால் போதும்.